பையச் சென்றால் வையம் தாங்கும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்து மேடையை அலங்கரிக்கும் நகராட்சி உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, விழாவை முன்னின்று நடத்தும் செயலாளர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்னால் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கிக்காரருக்குத் தனி வணக்கம். அவர் கோபித்துக்கொண்டால் இங்கே யாருடைய புலமையும் எடுபடாது.

சைக்கிளில் ஊர் சுற்றி ருசி பார்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: வழியைத் தேர்வது, வயிறு கனக்காமல் உண்பது, வண்டியைப் பேணுவது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான். பையச் சென்றால் வையம் தாங்கும்.

முதலில் வழி. பேருந்தில் போகிறவருக்கு ஊர் என்பது வெறும் நிறுத்தங்கள். நடப்பவருக்கு நான்கு தெருவோடு கால் வலித்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிற சைக்கிள்காரர்தான், ஒரு வாசனை மூக்கைவிட்டுப் போவதற்குள் பிரேக் பிடிக்கக்கூடியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு கிளம்பினேன். எங்கிருந்தோ பலகாரம் பொரியும் வாசனை. சந்துக்குள் திரும்பினேன், வாசனை அடுத்த சந்துக்குப் போய்விட்டது. விடுவேனா? எழுந்து நின்று பெடலை மிதித்தேன். செயின் கழன்றது. மாட்டி முடித்தபோது இரண்டு கைகளும் கறுப்பு. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையை அடைந்தால், தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம். கடைக்கார அம்மா என் கையைப் பார்த்தார்.

"இந்தக் கையோடா சாப்பிடப் போகிறீர்கள்?"

ஒரு கரண்டி சமையல் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். கிரீஸை எண்ணெய்தான் இளக்குமாம், சோப்பு அதற்குப் பிறகாம். உண்மைதான், அழுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. கை கழுவித் திரும்புகிறேன், பத்து வயதுப் பையன் ஒருவன் சின்ன சைக்கிளில் ஆடி அசைந்து வந்து, அந்தக் கடைசிப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்! அடுத்த ஈடு வர அரை மணி நேரமாம். எழுந்து நின்று மிதித்தவன் நான், பசியோடு நின்றவனும் நான். பையச் சென்றால் வையம் தாங்கும் என்பதை அந்தப் பையன் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அதன்பின் சிரிப்பு வரவில்லை. சந்து முடிந்ததும் அவன் ஏற வேண்டியது லாரிகள் விரையும் பெருஞ்சாலை. 1970-களில் ஆம்ஸ்டர்டாம் மக்கள் வீதிக்கு வந்தது, சாலையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்ததைப் பொறுக்க மாட்டாமல்தான். அந்த நகரத்தின் சைக்கிள் பாதைகள் கேட்டு வாங்கியவை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு தோறும் முக்கியச் சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். நாமோ, ஐ.நா. 2018-இல் அறிவித்த உலக மிதிவண்டி நாளில், ஜூன் 3 அன்று, கொடியசைத்துப் படம் எடுத்துக்கொண்டு காரில் வீடு திரும்புகிறோம். (மேடையில் இருப்பவர்களைச் சொல்லவில்லை.)

நூறு கிலோமீட்டர் கேட்கவில்லை. ஒரு சாலை, ஞாயிறு காலை, நான்கு மணி நேரம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். உண்பதும் வண்டியைப் பேணுவதும் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். மனு வாசலில் இருக்கிறது. உறுப்பினர் அவர்களுக்காக முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவும் நானே கொண்டுவந்திருக்கிறேன்.