பழங்காலத்துல போலீஸ் இருந்துச்சா? ஒரு கல்லறைத் திருட்டு வழக்கு

அடுத்த கேள்விக்குப் போவோம். "ராஜா காலத்துல திருட்டு நடந்தா யார் பிடிச்சாங்க, யார் விசாரிச்சாங்க? போலீஸ்னு தனியா இருந்தாங்களா, இல்ல ராஜா வாயில வந்ததுதான் தீர்ப்பா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

ஊருக்கு ஊர் இது மாறும். அதனால எகிப்தை மட்டும் எடுத்துக்கறேன். அங்க நடந்த ஒரு விசாரணையோட பதிவு பாப்பிரஸ்ல, அதாவது கோரைப்புல்லுல செஞ்ச அந்தக் காலத்துத் தாள்ல, அப்படியே கிடைச்சிருக்கு. கிட்டத்தட்ட கி.மு. 1110. ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சியோட 16-ஆவது வருஷம். ஊர் தீப்ஸ், இன்னைக்கு லக்சர்.

போலீஸ் இருந்தாங்க. மெட்ஜாய்னு பேர். முதல்ல எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியா பக்கத்து ஜனங்களைக் குறிச்ச பேர், பிற்பாடு காவல் படைக்கே பேராயிடுச்சு. நைல் நதிக்கு மேற்குக் கரையில இருந்த அரசர் கல்லறைகளுக்கு இவங்கதான் காவல்.

இப்ப வழக்குக்கு வருவோம். ஆமன்பநெஃபர்னு ஒரு கல்தச்சர். கூட்டாளிகளோட சேர்ந்து சோபெக்கெம்சாஃப்ங்கிற பழைய ராஜாவோட கல்லறையைச் செம்பு உளியால குடைஞ்சு உள்ள போயிட்டார். வாக்குமூலத்துல ஒண்ணையும் விடல. ராஜாவோட உடம்பு, பக்கத்துல வாள், கழுத்து நிறைய தங்கம், முகத்துல தங்க முகமூடி. பெட்டிக்கு உள்ளயும் வெளியயும் தங்கம், வெள்ளி. பக்கத்துலயே ராணி நுப்காஸ். ரெண்டு பேர்கிட்டயும் இருந்ததை உருவிட்டு, பெட்டிகளுக்குத் தீ வெச்சுட்டாங்க. தங்கம் மொத்தம் 160 தெபென். ஒரு தெபென் சுமார் 91 கிராம், அப்போ பதினாலரை கிலோ! எட்டுப் பேர், தலைக்கு 20 தெபென்.

கொஞ்ச நாள்ல ஆள் மாட்டிக்கிட்டார். தன் பங்கு 20 தெபெனையும் தூக்கித் துறைமுக எழுத்தர் கையில கொடுத்தார், வெளிய வந்துட்டார். கூட்டாளிங்க "பாவம், உன் பங்கு போச்சே"ன்னு தங்கள் பங்குல இருந்து எடுத்துக் கொடுத்து ஈடுகட்டிட்டாங்க. மறுபடியும் எல்லாரும் திருட்டுத் தொழிலுக்கே போயிட்டாங்க. இது நான் சொல்ற கதை இல்லைங்க, அவரே கோர்ட்டுல சொன்னது.

விவகாரம் எப்படிப் பெருசாச்சு? கிழக்குக் கரைக்கு நிர்வாகி பாசேர், மேற்குக் கரைக்கு பவேரா. ரெண்டு பேருக்கும் ஆகாது. கல்லறைகள் கொள்ளை போகுதுன்னு பாசேர் மேலிடத்துக்குப் புகார் கொடுத்தார். மந்திரி காயெம்வாசெத் ஒரு குழுவை அனுப்பிச்சார். பத்து அரசர் கல்லறைகளைப் போய்ப் பார்த்தாங்க. ஒண்ணுதான், அந்த சோபெக்கெம்சாஃப் கல்லறைதான், உடைஞ்சிருந்துச்சு, ஒன்பது பத்திரம். சாதாரண ஜனங்களோட கல்லறைகளோ மொத்தமும் சூறை. சந்தேகத்துல பிடிச்ச ஒரு செம்புக் கொல்லரைக் கண்ணைக் கட்டி, ராணிகளைப் புதைச்ச ராணிகள் பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போய், "நீ திருடின இடத்தைக் காட்டு"ன்னாங்க. அடிச்சும் கேட்டாங்க. யாரையும் புதைக்காத ஒரு குழியையும் ஒரு குடிசையையும்தான் அவரால காட்ட முடிஞ்சுது.

சம்பவ இடத்துக்கே போய்ப் பார்க்கறாங்க, வாக்குமூலத்தைச் சரிபார்க்கறாங்க, எழுத்தர் பதிவு பண்றார். என் கணக்குல இது ஒழுங்கான விசாரணைதான், உதையைத் தவிர. ஓட்டை எங்கன்னா, காவலுக்குப் பொறுப்பான பவேராவே அந்த விசாரணையிலயும் இருந்தார். கடைசியில பாசேர் சொன்னது பொய்னு தீர்ப்பாச்சு. பவேரா அதுக்கப்புறமும் பதவியில இருந்தார். பிடிபட்ட திருடங்களைத் தலைமைப் பூசாரி காவல்ல வெச்சு, தண்டனையை மன்னர் முடிவுக்கு விட்டாங்க. ஆக, ராஜா சொல்றது கடைசியிலதான் வரும். கல்லறைத் திருட்டுக்குக் கழுவேத்தறதும் உண்டு.

திருடினது ஏன்னா, வயிறும் ஒரு காரணம். அதுக்கு ஒரு நாப்பது அம்பது வருஷம் முன்னாடியே, மூன்றாம் ராம்சேஸ் காலத்துல, கல்லறை கட்டற தொழிலாளிங்க தானியக் கூலி வரலைன்னு வேலை நிறுத்தம் பண்ணியிருக்காங்க.

காவல் போட்டும் திருட்டு நிக்கல. பிற்பாடு பூசாரிகள் ராஜாக்களோட மம்மிகளையே எடுத்து, அதே மேற்குக் கரையில தெய்ர் எல்-பஹ்ரிங்கிற இடத்துப் பக்கம் ஒரே குழியில ஒளிச்சு வெச்சாங்க. இரண்டாம் ராம்சேஸும் அதுல ஒருத்தர். ரொம்ப காலம் கழிச்சு, பக்கத்து குர்னா ஊர்க் குடும்பம் ஒண்ணு அந்தக் குழியைக் கண்டுபிடிச்சு, சாமான்களைச் சத்தமில்லாம வித்துட்டு இருந்துச்சு. 1881-ல அண்ணன் தம்பிக்குள்ள பங்குத் தகராறு. ஒருத்தர் போய் அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டார்.

சரி, அடுத்த கேள்வி.