நாற்பதைத் தாண்டியவருக்கு என்ன உரிமை?

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி பேருந்து நிலையப் பக்கம் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளைப் பார்த்திருப்பீர்கள். ஓசூர் கம்பெனிக்கு ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு, வேன் வசதி உண்டு. கீழே ஒரு வரி: வயது 18 முதல் 28 வரை. அந்த வரியைப் படித்துவிட்டு, இருபது வருடம் மெஷின் ஓட்டிய மனிதர் பேசாமல் பஸ் ஏறிப் போகிறார்.

இப்படிப் போட சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறேன். தனியார் நிறுவனம் வயதைக் காட்டி ஆள் எடுக்க மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசு வேலையில் மதம், சாதி, பாலினம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 16-வது பிரிவிலும் வயது என்ற சொல் கிடையாது. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கேயும் வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசு வேலையில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆசிரியர் நியமனத்துக்கான உச்ச வயதை 2023-ல் தமிழக அரசு பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. அறிவிக்கையில் வயது அட்டவணையைப் படிக்காமலே, நமக்கு வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, தனியாரில் நமக்கு ஒன்றுமே இல்லையா? புதிதாக வேலை கேட்பவருக்கு இல்லாத பிடிமானம், வேலையை இழந்தவருக்கு இருக்கிறது.

பாலக்கோடு பக்கத்து அண்ணன் ஒருவர் என்னிடம் வந்தார். 46 வயது. 17 வருட சர்வீஸ். ஆர்டர் குறைந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் அதே லைனில் இருபது வயதுப் பையன்களை நிறுத்தினார்கள். சட்டம் இவர் பக்கம்தான். ஆட்குறைப்பு என்றால், ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருட சர்வீஸ் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீசும், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் உண்டு. மறுபடி ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இவையெல்லாம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ஆனால் திரும்பக் கூப்பிடும் கடமைக்கு இப்போது ஒரு வருடம்தான் கெடு.

இவ்வளவு இருந்தும் அவருக்கு என்னால் முழுதாக வாங்கித் தர முடியவில்லை. செட்டில்மென்ட் பணம் என்று நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அது ராஜினாமாக் கடிதம். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்புச் சட்டம் பொருந்தாது. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் கிடைத்தன, அவ்வளவுதான். இன்றும் எனக்கு அது ஆறவில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: அன்றைக்கே கையெழுத்துப் போடு என்று யார் அவசரப்படுத்தினாலும், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். வரும்போது பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அப்புறம் கம்பெனி கொடுத்த எந்தத் தாளாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

வணக்கம்.