பீட்டா இருந்த கணினியில் இறுதிப் பதிப்பு: சோதனையாளர்கள் கவனிக்க வேண்டியவை

[திரையில்: வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைக்கூடம். வரிசையாகக் கணினிகள்.]

வணக்கம். பெங்களூருவில் வைட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணியாற்றும் தமிழர்களை மனத்தில் வைத்து இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம். இறுதிப் பதிப்பின் பில்ட், அதாவது நிறுவத் தயாரான தொகுப்பு, கைக்கு வந்ததும், அதுவரை பீட்டா எனும் முன்னோட்டப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்த அதே கணினியில் அதை அப்படியே நிறுவிச் சோதனையைத் தொடங்குவது பல குழுக்களில் வழக்கமாக இருக்கிறது. நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொன்னாலும், உள்ளே ஓடுவது முழுக்க முழுக்க இறுதிப் பதிப்புதான் என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

விண்டோஸ் கணினியை எடுத்துக்கொள்வோம். எம்எஸ்ஐ வகை நிறுவல் தொகுப்புகளைக் கையாளும் விண்டோஸ் இன்ஸ்டாலர், பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடுகிறது. நான்காவது பகுதியைப் பொருட்படுத்துவதில்லை. பீட்டா 4.2.0.118, இறுதிப் பதிப்பு 4.2.0.131 என்று வைத்துக்கொண்டால், இன்ஸ்டாலரின் கணக்கில் இரண்டுமே 4.2.0 தான். தொகுப்பை அடையாளம் காட்டும் குறியீடான புராடக்ட் கோடு இரண்டிலும் வேறுபட்டு, சம எண் கொண்ட பழைய பதிப்பையும் நீக்க வேண்டும் என்ற குறிப்பு தொகுப்பில் இல்லாமல் போனால், பீட்டா நீக்கப்படாமலே இறுதிப் பதிப்பு நிறுவப்பட்டுவிடும்.

[திரையில்: கண்ட்ரோல் பேனல். ஒரே மென்பொருளின் பெயர் இரண்டு வரிகளில்.]

கண்ட்ரோல் பேனலில் ஒரே பெயர் இப்படி இரண்டு முறை தெரிந்தால், அந்தக் கணினியில் கிடைக்கும் எந்தச் சோதனை முடிவையும் நம்ப வேண்டாம்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் கோப்புகளில் இருக்கிறது. நிரல் பயன்படுத்தும் துணைக் கோப்பான டிஎல்எல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பதிப்பு எண்ணும் புதிதாக வரும் கோப்பின் எண்ணும் சமமாக இருந்தால், இன்ஸ்டாலர் தன் இயல்பான அமைப்பில் பழைய கோப்பையே விட்டுவைக்கும். உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பீட்டாவில் பிழை இருந்த டிஎல்எல்லைத் திருத்திய பிறகு அதன் எண்ணை உயர்த்த மறந்திருந்தால், திருத்தம் தொகுப்பில் இருக்கும், ஆனால் கணினிக்கு வந்து சேராது. சோதனையாளர் பிழை தீரவில்லை என்று பிழைப் பதிவான டிக்கெட்டை மீண்டும் திறப்பார். புதிய கணினியில் நிறுவிப் பார்த்த டெவலப்பரோ தன்னிடம் சரியாக இருக்கிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

[திரையில்: நிறுவல் பதிவுக் கோப்பு. ஒரு வரி மஞ்சளில்.]

ஆகவே விரிவான பதிவுக் கோப்புடன் நிறுவுங்கள். அதில் ‘வோன்ட் ஓவர்ரைட்’ என்று தேடினால், மாற்றப்படாமல் விடப்பட்ட கோப்புகளும் அவற்றின் காரணமும் வரிக்கு வரி கிடைக்கும். பிறகு பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் முக்கியக் கோப்புகளின் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டை, எடுத்து, புதிய கணினியில் நிறுவியவற்றோடு ஒப்பிடுங்கள்.

தரவுத்தளம் இன்னொரு கண்ணி. அட்டவணை அமைப்பை 4.1 இலிருந்து 4.2 க்கு மாற்றும் ஸ்கிரிப்ட், பெரும்பாலும் தரவுத்தளத்தில் பதிந்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் ஓடும். பீட்டாவே அந்த எண்ணை 4.2 என்று பதிந்திருந்தால், வேலை முடிந்துவிட்டதென்று ஸ்கிரிப்ட் ஒதுங்கிக்கொள்ளும். பீட்டாவுக்குப் பின் சேர்த்த நெடுவரிசை உருவாகவே உருவாகாது. இவை தவிர மென்பொருள் தன் தரவைச் சேமிக்கும் புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா கோப்புறைகள், விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகள், சோதனைச் சான்றிதழில் கையொப்பமிட்ட டிரைவர்கள், காலாவதித் தேதியுள்ள பீட்டா உரிமம் ஆகியவையும் தங்கிவிடக் கூடும்.

2009 இல் விண்டோஸ் 7 பீட்டாவிலிருந்து, இறுதிப் பதிப்புக்கு முந்தைய கட்டமான ஆர்சிக்கு (ரிலீஸ் கேண்டிடேட்) நேரடியாக மேம்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் தடுத்து வைத்தது. முந்தைய விண்டோஸ் பதிப்பான விஸ்டாவுக்குத் திரும்பி அங்கிருந்து மேம்படுத்துங்கள், இல்லையென்றால் புதிதாக நிறுவுங்கள் என்றது. வாடிக்கையாளர்கள் செல்லப்போகும் வழியில்தான் சோதனை நடக்க வேண்டும் என்பது அதன் வாதம். கட்டாயம் தேவைப்பட்டவர்கள் சிவெர்ஷன் ஐஎன்ஐ கோப்பில் குறைந்தபட்ச பில்ட் எண்ணைத் திருத்தித் தடையைத் தாண்டலாம் என்றும் அதுவே சொன்னது. வாடிக்கையாளர் செல்லும் வழியிலேயே சோதிக்க வேண்டும் என்ற அந்த வாதம் இன்றும் முற்றிலும் சரி என்றே நாங்கள் கருதுகிறோம்.

லினக்ஸ் குழுக்களுக்கு ஒரு குறிப்பு. டெபியன் எனும் லினக்ஸ் வகையின் தொகுப்பில் 1.0பீட்டா1 என்று எண்ணிட்டால் அது 1.0 ஐவிட உயர்ந்ததாகக் கணக்கிடப்படும். இடையில் அலைக்குறி சேர்த்து 1.0~பீட்டா1 என்று எழுதினால்தான் இறுதிப் பதிப்புக்குக் கீழே நிற்கும்.

[திரையில்: விஎம் மேலாளர். ‘பீட்டாவுக்கு முன்’ என்ற ஸ்னாப்ஷாட்.]

விஎம், அதாவது மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி, வைத்திருப்பவர்கள் பீட்டாவை நிறுவும் முன்பே அதன் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். இறுதிப் பதிப்பு வந்ததும் அந்த நிலைக்குத் திரும்பி நிறுவுங்கள். நேரடிக் கணினி என்றால் இயங்குதளத்தையே மீண்டும் ஏற்றுவது நல்லது. புதிய கணினியில் ஒரு முறையும், முந்தைய இறுதிப் பதிப்பின் மேல் ஒரு முறையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். பீட்டாவை வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்திருந்தால் மட்டும், பீட்டாவின் மேல் நிறுவுவதைத் தனிச் சோதனையாக நடத்தி, அதற்குத் தனி அறிக்கை எழுதுங்கள். நிறுவும் முன் கணினி எந்த நிலையில் இருந்தது, அதில் எந்த பில்ட் இருந்தது என்ற விவரம் ஒவ்வோர் அறிக்கையின் முதல் வரியிலேயே இடம்பெறட்டும்.