மீன் அடித்த ஆராய்ச்சி மணி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, வணக்கம்.

"அமெரிக்காவின் இயற்கையைக் காத்தது மக்களின் எழுச்சியா, அரசின் சட்டமா?" என்பது தலைப்பு. சட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி 1970 ஏப்ரல் 22ஆம் தேதியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். முதல் புவி நாள். நாடு முழுக்க 2 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, அந்தக் கூட்டத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மறுநாள் ஏப்ரல் 23. அந்த 2 கோடிப் பேரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆலைகளும் வழக்கம்போல ஓடின. அன்று இரவு ஆற்றுக்குக் காவல் நின்றது யார்?

பாசம் இருந்தும் காவல் இல்லாமல் போன கதையை முதலில் சொல்கிறேன். யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்கா ஆனது. அமெரிக்கர்கள் அதை எவ்வளவு கொண்டாடினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காவலுக்கு 1886 முதல் ராணுவமே வந்து நின்றது. 1894 மார்ச் மாதம், பனிக்காலம். எட்கர் ஹோவெல் என்ற வேட்டைக்காரர் பூங்காவுக்குள் ஐந்து காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அப்புறம் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்ச நாள் அடைத்து வைத்தார்கள், பூங்காவை விட்டு வெளியேற்றினார்கள், அவ்வளவுதான். ஏனென்றால் பூங்காவை அமைத்த சட்டத்தில் தண்டனை என்று எதுவுமே எழுதப்படவில்லை. வேலி போட்டார்கள், முள் வைக்க மறந்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது, நாடு கொதித்தது. எழுச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், இரண்டே மாதத்தில், புதிய சட்டம் வந்தது. பூங்காவில் விலங்கைக் கொன்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். 1902இல் எண்ணியபோது பூங்காவில் மிஞ்சியிருந்த காட்டெருமைகள் இரண்டு டஜன்கூட இல்லை. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. கொதிப்பு ஒரு வசந்த காலத்தோடு முடிந்தது. சட்டம்தான் 130 ஆண்டுகளாகக் காவல் நிற்கிறது.

சரி, என் சொந்த ஊருக்கு வருகிறேன். நான் குடியிருப்பது ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து. தியாகராஜ ஆராதனைக்காக ஈஸ்டரையொட்டி வந்து போகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். ஊர் நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறதே கயஹோகா ஆறு, அது 1969 ஜூன் 22 அன்று தீப்பிடித்தது. ஆறு எரிந்தது! உலகமே அதைத்தான் சொல்கிறது. ஆனால் கிளீவ்லாந்துக்காரர்களுக்கு அதைவிட வேதனையான உண்மை தெரியும். அதுதான் முதல் தீ என்று நினைத்துவிடாதீர்கள். 1868 முதல் குறைந்தது பத்து முறை அந்த ஆறு எரிந்திருக்கிறது. 1912இல் ஐந்து உயிர்கள் போயின. 1952இல் எரிந்தபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் சேதம். 1969 தீ அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிட்டது, அதைப் படம் பிடிக்கக்கூட ஆள் போய்ச் சேரவில்லை. பத்திரிகையில் வந்து நாட்டை அதிர வைத்த படம் 1952இல் எடுத்த பழைய படம்.

இத்தனை முறை எரிந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? ஊர் மக்களுக்கு அக்கறை இல்லையா? இருந்தது. 1968இலேயே கிளீவ்லாந்து வாக்காளர்கள் ஆற்றைச் சுத்தப்படுத்த 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களை நினைத்து நான் பெருமைப்படுகிற விஷயம் அது. எதிரணியினர் இதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். ஆனால் தீப்பிடித்த மறுநாள் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் பத்திரிகையாளர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் என்ன முறையிட்டார் தெரியுமா? கழிவைக் கொட்ட ஆலைகளுக்கு அனுமதி தருவது மாநில அரசு, தடுக்க நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். மக்கள் தயார், மேயர் தயார், பணமும் தயார். அதிகாரம்தான் கையில் இல்லை.

அந்த அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்தது 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம். செலவு தாங்காது என்று அதிபர் நிக்சன் மறுப்பாணை போட்டார். மறுநாளே செனட் 52க்கு 12, பிரதிநிதிகள் சபை 247க்கு 23 என்ற வாக்குகளில் அதை மீறிச் சட்டமாக்கின. அந்தச் சட்டம் செய்த பெரிய காரியம், கேள்வியையே மாற்றியது. அதற்கு முன்னால், ஆறு கெட்டுப்போனதை நிரூபி, அதைக் கெடுத்தது இந்த ஆலைதான் என்று நிரூபி என்றார்கள். பத்து ஆலை கொட்டும் ஆற்றில் எது யாருடைய கழிவு என்று யாரால் சொல்ல முடியும்? புதிய சட்டம் ஆற்றைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தது. உன் குழாயிலிருந்து எது வெளியே வந்தாலும் உரிமம் வேண்டும். எவ்வளவு விடுகிறாய் என்று நீயே அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஊரார் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதோடு, ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் கட்ட 75 சதவீதச் செலவை மத்திய அரசே ஏற்றது.

போன கோடையில் என் மகளோடு அந்தக் கரையில் நடந்தேன். ஒருவர் தூண்டில் போட்டு நின்றிருந்தார். இன்று அந்த ஆற்றில் 60க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் இருக்கின்றன. அளவோடு சாப்பிடலாம் என்று 2019இல் மாநில அரசே சொல்லிவிட்டது. எரிந்த ஆறு எப்படி இருந்திருக்கும் என்று என் மகள் கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை. கண்ணெதிரே ஓடிய தண்ணீருக்கும் நான் சொன்ன கதைக்கும் பொருத்தமே இல்லை.

எதிரணியில் இன்னொரு நண்பர் கேட்டார்: "வேலியே பயிரை மேய்ந்தால்? 1913இல் யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடிக்க அனுமதி கொடுத்ததே ஒரு சட்டம்தானே?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது. இயற்கைக் காவலர் ஜான் மியூர் தலைமையில் அன்றைக்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமா? நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின, கடிதங்கள் குவிந்தன. எழுச்சி இருந்தது, தோற்றது. திட்டம் போடுமுன் அதன் பாதிப்பை ஆராய்ந்து எழுது, மாற்று வழிகளைச் சொல் என்று அரசையே கட்டிப்போடும் சட்டம் அப்போது இல்லை. அது 1970 ஜனவரி முதல் தேதி கையெழுத்தானது. ஜான் மியூர் 1914இலேயே போய்விட்டார்.

வேலி மேய்ந்தால் கேட்பது யார் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. மனுநீதிச் சோழன் வாசலில் ஆராய்ச்சி மணி கட்டினான். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அந்த மணியை அடித்தது. குற்றவாளி, அரசனின் மகன். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் அப்படி ஒரு மணியைக் கட்டியது. சட்டத்தை மீறும் ஆலை மீது மட்டுமல்ல, கடமையைச் செய்யாத அதிகாரி மீதும் சாதாரணக் குடிமகன் வழக்குப் போடலாம் என்றது. அப்புறம் வந்த பெரிய சட்டங்கள் பலவற்றிலும் அந்தக் கயிறு தொங்குகிறது.

அதை ஒரு மீன் அடித்தது. மூன்று அங்குல மீன், நத்தையைத் தின்னும் ஸ்நெய்ல் டார்ட்டர். டென்னசியில் டெல்லிகோ அணையை அரசு நிறுவனமே கட்டிக்கொண்டிருந்தது. 10 கோடி டாலருக்கு மேல் செலவாகி, வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அணையின் கதவுகளை மூடி நீரைத் தேக்கினால் அந்த மீனின் வாழிடம் போகும் என்று சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியரும் வழக்குத் தொடுத்தார்கள். கையில் இருந்தது 1973ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டம் ஒன்றுதான். 1978இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது: அணை வேலையை நிறுத்துங்கள். அந்த மீனுக்காக எத்தனை பேர் ஊர்வலம் போயிருப்பார்கள்? பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கழுகுக்கும் காட்டெருமைக்கும் கூட்டம் கூடும். யாருக்கும் பிடிக்காத உயிருக்கும் சட்டம்தான் வாசலைத் திறந்தது.

மறைக்காமல் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1979இல் நாடாளுமன்றம் அந்த அணைக்குத் தனி விலக்குக் கொடுத்தது, கதவுகள் மூடப்பட்டு நீர் தேங்கியது. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் வழக்கு நடந்த அந்த ஆண்டுகளில் மீன்களை வேறு ஆற்றில் விட்டார்கள், பிற்பாடு வேறு இடங்களிலும் கண்டுபிடித்தார்கள். 2022இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் வாகனப் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியவே முடியாது என்றார்கள் கார் நிறுவனத்தார். கெடு தள்ளிப்போனது உண்மை. ஆனாலும் 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி வந்தது, அதற்கு ஈயமில்லா பெட்ரோல் தேவைப்பட்டது. பிறகு ஈயமே சட்டத்தால் படிப்படியாக விலக்கப்பட்டு, 1996இல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை வந்தது. அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு தேதி. 2023 மே 25. அன்று உச்ச நீதிமன்றம், சதுப்பு நிலங்களில், ஆறு போன்ற நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ந்து ஒட்டியிருப்பவற்றுக்கு மட்டுமே தூய நீர்ச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மே 24 அன்று இருந்த அதே மக்கள்தான் மே 26 அன்றும் இருந்தார்கள். பாசம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் தனிச் சட்டம் வைத்திராத மாநிலங்களில், ஆற்றைவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் கிடந்த சதுப்பு நிலங்களில் மண் கொட்ட, அதன்பின் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நன்றி. வணக்கம்.