அம்மாவிடம் சொல்லும் பொய்யில் உறுத்தல் ஏன் மறைகிறது?

மும்பை செம்பூரிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: “தாராவியில் டிபன் கடை வைத்திருக்கிறேன். ஓராண்டாக நஷ்டம். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் ஞாயிறுதோறும் ‘வியாபாரம் நன்றாகப் போகிறது’ என்றே சொல்கிறேன். முதலில் மனம் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை, சொல்லும்போது நானே நம்பிவிடுகிறேன். இது ஏன்?”

தம்பி, உறுத்தல் தேய்வதற்கு மூளையிலேயே தடயம் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடிக் குடுவையில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று கூட்டாளிக்குச் சொல்லும் வேலையை ஆட்களுக்குக் கொடுத்து, சில சுற்றுகளில் பொய் சொல்பவருக்கே ஆதாயம் கிடைக்கும்படியும், சில சுற்றுகளில் கூட்டாளிக்கு மட்டுமே கிடைக்கும்படியும் அமைத்து, அவர்களில் சிலரது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தன் ஆதாயத்துக்காகச் சொன்ன பொய் போகப்போகப் பெரிதாகியது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் எதிர்வினையோ குறைந்துகொண்டே வந்தது. பிறருக்காக மட்டும் சொன்ன பொய் அப்படி வளரவில்லை.

அந்த ஆய்வு பொதுவான போக்கைத்தான் காட்டுகிறது. உங்கள் மனத்தை அளந்து சொல்லவில்லை. ஆயினும் அதை வைத்து ஒன்று கேட்கத் தோன்றுகிறது: நீங்கள் சொல்லும் பொய் இன்னமும் அம்மாவுக்காகத்தானா? அவர் தூக்கம் கெடக் கூடாது என்று தொடங்கியிருப்பீர்கள்; அந்தப் பரிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு கணக்கு நோட்டை எடுத்து மளிகைக் கடைப் பாக்கியைக் கூட்டிப் பார்க்கிறீர்களா, அல்லது வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக்கூடத் திறக்காமல் தள்ளிவிடுகிறீர்களா? தள்ளிவிடுகிறீர்கள் என்றால், அந்தப் பொய்யின் நிழலில் இப்போது நீங்களும் ஒதுங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றே கருதுகிறேன். ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில், வாரந்தோறும் சொல்பவரும் நீங்கள், காதால் கேட்பவரும் நீங்கள்.

நாளையே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைப்பதற்கு முன், அந்த வாரத்து வரவு, செலவு, பாக்கி மூன்றையும் கைப்பட எழுதி, வீட்டில் ஒருவரிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ காட்டுங்கள். உறுத்தல் திரும்பி வரும், வரட்டும். கடையைத் தொடர்வதா, சிறிதாக்குவதா, வேறு வேலை தேடுவதா என்று அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும். “கொஞ்சம் நெருக்கடிதான் அம்மா, சமாளித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லும் துணிவும் அதன் பிறகு வரலாம்.