2400-ஆ, 3442-ஆ? ஸ்டீல் சிலிண்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி

[காட்சி: உவரி கடற்கரை. மணல்ல ரெண்டு ஸ்கூபா சிலிண்டர், ரெண்டும் ஒரே உயரம். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு பருமன்.]

குரல்: ஒல்லி சிலிண்டரோட தோள்ல 3442னு அடிச்சிருக்கு, எவ்வளவு அழுத்தத்துக்கு நிரப்பலாம்னு psi கணக்குல சொல்ற நம்பர். அது ஹை பிரஷர், 237 பார். பருமனானதுல 2400, தேதிக்குப் பக்கத்துல ஒரு + குறி. அந்தக் குறி இருந்தா பத்து சதவீதம் கூட்டி 2640 வரை, அதாவது 182 பார் நிரப்பலாம். இது லோ பிரஷர். ரெண்டுமே அமெரிக்க முத்திரை. நம்ம நாட்டுல பெசோ (PESO, வெடிபொருள், சிலிண்டர் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு) ஒப்புதல் இல்லாத சிலிண்டரை நிரப்பக் கூடாது. வெளியில இருந்து கொண்டு வர்றவங்க முதல்ல அதைப் பாருங்க.

எதுல காத்து கூட? அடிச்ச நம்பரை வச்சுச் சொல்ல முடியாது. உங்க கரையில இருக்கிற கம்ப்ரெசர்தான் சொல்லும்.

[காட்சி: கரும்பலகையில கணக்கு]

ஒல்லியோட கொள்ளளவு சுமார் 12.5 லிட்டர். 237 பாருக்கு நிரப்பினா 2,830 லிட்டர் காத்து. பெருக்கிப் பாத்தா 2,960 வரும்தான், ஆனா அழுத்தம் ஏற ஏற காத்து கணக்குக்கு அடங்காது. கம்ப்ரெசர்காரர் 200-ல நிறுத்திட்டா சுமார் 2,400தான். பருமன் 15 லிட்டர், 182-லயே 2,700 கிட்ட வந்துடும். 200-க்கு மேல ஏத்தித் தராத இடத்துல ஹை பிரஷர் வாங்கினா, குடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது.

நம்ம வெயிலையும் சேத்துக்கோங்க. அவசரமா நிரப்பி, சிலிண்டர் 60 டிகிரி சூட்டுல 200 காட்டினா, 28 டிகிரி தண்ணிக்குள்ள போனதும் 181 ஆயிடும். எங்கயும் லீக் இல்ல, சூடு இறங்கினதுதான். மெதுவா நிரப்பச் சொல்லுங்க. இந்தக் குறைவை ஈடுகட்ட லோ பிரஷரை 182-க்கு மேல ஏத்துற பழக்கம் சில ஊர்ல உண்டு. வேண்டவே வேண்டாம். உலோகம் சோர்ந்து, அழுத்தச் சோதனையில சிலிண்டர் தோத்துடும்.

வால்வுக்கு ஒரே வார்த்தை: ஹை பிரஷருக்கு டின் (DIN, ரெகுலேட்டரைத் திருகி மாட்டுற வகை). யோக்குல, அதாவது கவ்வி மாட்டுற வகையில, ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) பிதுங்க வாய்ப்பு ஜாஸ்தி.

இப்ப எடை. ஒல்லி சுமார் 15 கிலோ, பருமன் 17.5. படகு ஏணியில ஏறும்போது அந்த ரெண்டரை கிலோ நல்லாவே தெரியும். ஆனா தண்ணிக்குள்ளதான் உண்மையான விஷயம். அலுமினியம் 80 (பரவலா இருக்கிற அலுமினிய சிலிண்டர்) காலியானா ரெண்டு கிலோ அளவுக்கு உங்களை மேல்நோக்கி இழுக்கும், ஸ்டீல் அப்படி இழுக்காது. அதனால அலுமினியத்துல இருந்து மாறும்போது பெல்ட்ல ரெண்டு கிலோ ஈயத்தைக் கழட்டணும். மன்னார் வளைகுடா தண்ணி வெதுவெதுப்பு, மெல்லிசு சூட் போதும். பருமன் சிலிண்டரோட இறங்கினா பெல்ட்ல ஈயமே மிஞ்சாது. உள்ள இருக்கிற காத்தே மூணு கிலோவுக்கு மேல. இறங்கின உடனே பிசிடி (BCD, காத்து ஊதி மிதக்க வைக்கிற ஜாக்கெட்) கிழிஞ்சா கழட்டிப் போட ஒண்ணும் இருக்காது. ஆழமில்லாத இடத்துல, பிசிடியைக் காலி பண்ணி, சிலிண்டர் நிறைஞ்சிருக்கும்போது துடுப்புக் காலால மட்டும் மேல வர முடியுதான்னு பாத்துடுங்க. முடியலன்னா ஒல்லியை எடுங்க.

[காட்சி: ரெகுலேட்டரோட (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைச்சு மூச்சுக்குத் தர்ற கருவி) முதல் ஸ்டேஜ் ஃபில்டர், கிட்டத்துல]

இந்தச் சின்ன வடிகட்டியில செம்மண் நிறம் தெரியுதா? சிலிண்டருக்குள்ள துரு. பச்சையா இருந்தா தண்ணி பட்ட பித்தளை. கம்ப்ரெசர் ஈரத்தைச் சரியா வடிக்கலன்னாலும் துரு வரும், சிலிண்டரை முழுசாக் காலி பண்ணி கடல்தண்ணி புகுந்தாலும் வரும். 20 பாராவது மிச்சம் வச்சு மேல வாங்க. சிலிண்டர் அடியில மாட்டுற ரப்பர் உறையை மாசம் ஒரு தடவை கழட்டி நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு அங்கதான் தங்கும். வருஷம் ஒரு தடவை வால்வைக் கழட்டி உள்ள விளக்கு விட்டுப் பாக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணி அழுத்தச் சோதனை. அப்ப + குறியை மறுபடி அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. அடிக்கலன்னா அந்தச் சிலிண்டருக்கு இனி 2400தான், 165 பார்.