கொட்டகைக்கு வந்த கதைகள்: நாடகம் நடத்திய டி. கே. சண்முகம்

அவைத்தலைவர் அவர்களே, நாடகத்தின்பால் பற்றுக்கொண்டு இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டி. கே. சண்முகம் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவர் கோலூன்றிய ஔவைப் பாட்டிதான். 1942-இல் ‘ஔவையார்’ நாடகம் மேடையேறியபோது அவருக்கு வயது முப்பது. முப்பது வயது ஆண்மகன் ஒருவர் தமிழ் மூதாட்டியாகவே மாறி நின்றதைக் கண்ட நாடு, அந்த வேடத்தை அவர் பெயரோடு சேர்த்து ‘ஔவை சண்முகம்’ என்று அழைத்தது. சிறுவனாக அவருடைய நாடகக் குழுவில் இருந்த கமல்ஹாசன், 1996-இல் தம் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் சூட்டியதும் அந்த நினைவில்தான். ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது அந்த நடிகரைப் பற்றி அன்று. ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய சண்முகத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், தம் சகோதரர்களோடு சேர்ந்து, எந்தக் கதையைத் தமிழ் மக்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்று கால் நூற்றாண்டுக் காலம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு தயாரிப்பாளரைப் பற்றி. நடிகருக்குக் கிடைத்த புகழில் அந்தத் தயாரிப்பாளர் மறைந்துபோய்விட்டார் என்பது என் ஆதங்கம்.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மேனகாவின் கதையை அடுத்த வீட்டில் நடந்ததைப் போலச் சொல்வார். நாத்தனார்கள் அந்தப் பெண்ணைப் படுத்திய பாட்டைச் சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய நாவல் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ‘கொட்டாயில பார்த்தேன்’ என்பதுதான் அவர் சொன்ன ஒரே விவரம். நான் கல்லூரியில் படிக்கும்போது அந்த நாவலின் பழைய பிரதி ஒன்று கைக்குக் கிடைத்தது. அதைப் புரட்டியபோதுதான், எழுத்தறியாத ஒரு பெண்மணியிடம் ஒரு நாவல் வந்து சேர்ந்த வழி எது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வழியைத் தேடிப் போனவன் டி. கே. எஸ். சகோதரர்களிடம் வந்து சேர்ந்தேன்.

சண்முகம் 1912 ஏப்ரல் 26 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். 1918-இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, ஆறு வயதுச் சண்முகம் தம் அண்ணன்மார்களோடு அதில் சேர்ந்தார். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதும், அபிமன்யுவாக நடிக்கச் சிறுவன் சண்முகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்திகள். பின்னர் சுவாமிகள் வாதநோயால் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். பேசவும் பாடவும் கற்றுக்கொடுத்த ஆசிரியரே பேச்சிழந்து கிடந்ததைப் பார்த்த அந்தப் பிள்ளைகள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1925-இல் சகோதரர்கள் தங்களுக்கென்றே ‘ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’வைத் தொடங்கினார்கள். மூத்தவர் சங்கரன், அடுத்தவர் முத்துசாமி, மூன்றாமவர் சண்முகம், இளையவர் பகவதி. சபாவின் பெயரே சண்முகத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அவருக்கோ அப்போது பதின்மூன்று வயதுதான்.

சிறுவர்களே நடிக்கும் பாலர் கம்பெனி ஒன்றை நடத்துவது என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் கொட்டகை பிடிக்க வேண்டும். கொட்டகை இல்லையென்றால் கீற்று வேய்ந்து போட வேண்டும். பையன்கள் தங்குவதற்கு ஒரு கம்பெனி வீடு பார்க்க வேண்டும். ஓர் ஊரில் முகாம் முடிந்தால் படுதாக்களும் தட்டிகளும் உடைப் பெட்டிகளும் சமையல் பாத்திரங்களும் வண்டியேறி, ரயிலேறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மாலையில் மாட்டுவண்டியில் வாத்தியம் முழங்க நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். இரவு தொடங்கிய நாடகம் பின்னிரவில்தான் முடியும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் பிரிந்திருக்கும். அன்றைய வசூலில்தான் மறுநாள் உலை கொதிக்கும். நான்கு நாள் அடைமழை பிடித்துக்கொண்டால், நாடகமும் இல்லை, வசூலும் இல்லை, ஆனால் சாப்பிட வேண்டிய வாய்கள் மட்டும் அப்படியே இருக்கும். இத்தனைக்கும் நடுவே, நேற்றுவரை மணிமணியாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு ஒருநாள் மகரக்கட்டு வந்துவிடும். குரல் உடைந்த பையனை வீட்டுக்கு அனுப்புவதா, வைத்துக்கொண்டு வேறு வேடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியதும் கம்பெனி நடத்துகிறவர்தான். தாமே மேடையில் வளர்ந்த பிள்ளைகள் என்பதால், இந்தச் சகோதரர்களுக்கு அந்த வேதனை புத்தகத்தில் படித்த செய்தியாக இருந்திருக்காது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி, ஏ. பி. நாகராஜன் என்று பின்னாளில் நாடறிந்த பலர் அந்தக் கம்பெனி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து உண்டு வளர்ந்தவர்கள்.

இத்தகைய வாழ்க்கையில் புராண நாடகத்தை விட்டு நகர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. வள்ளியும் நல்லதங்காளும் பவளக்கொடியும் எந்த ஊரிலும் வசூல் தரும். பாட்டுகள் மக்களுக்கு மனப்பாடம். ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுக் கேட்டு ஒரே பாட்டை மூன்று முறை பாட வைப்பார்கள். அந்த நிலையில்தான் எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்து, நாவல்களைப் பாலர் மேடைக்குக் கொண்டுவந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, ‘ராஜேந்திரா’, ‘சந்திரகாந்தா’ ஆகியவையும் ‘மேனகா’வும் அப்படித்தான் நாடகங்களாயின. கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து பாடிய பிள்ளைகள் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து வக்கீலாகவும் துப்பறிபவராகவும் உரைநடையில் பேச வேண்டியதாயிற்று. பாட்டில் வல்லவனுக்குப் பேச்சு எளிது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மேடையில் பழகியவர்களைக் கேளுங்கள். தாளம் தாங்கிப் பிடிக்காத வெறும் வாக்கியத்தைக் கடைசி வரிசைத் தரைச் சீட்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வார்கள்.

நாவலை நாடகமாக்குவதில் உள்ள சங்கடத்தை என் சிறிய அனுபவத்திலிருந்து சொல்ல அனுமதியுங்கள். எங்கள் ஊர் நண்பர்கள் சேர்ந்து ஒரு நாவலை மேடையேற்ற முயன்றோம். அதில் கதாநாயகி கிணற்றடியில் நின்று தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்தில் இரண்டரைப் பக்கம். முதலில் அதைத் தனிமொழியாக எழுதினோம், கேட்கச் சகிக்கவில்லை. பிறகு ஒரு தோழியை உண்டாக்கி உரையாடலாக்கினோம். அவள் எதற்கு வந்தாள் என்று எங்களுக்கே விளங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, அந்த நடிகை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டவள், இரண்டடி நடந்து, நின்று, குடத்து நீரை மறுபடியும் கிணற்றிலேயே கவிழ்த்துவிட்டுத் தாம்புக்கயிற்றைப் புதிதாகப் பிடித்தாள். வீட்டுக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை என்பது அந்த ஒரு செயலில் தெரிந்துவிட்டது. இரண்டரைப் பக்கமும் அதற்குள் அடங்கிவிட்டது. ஒரே ஒரு காட்சிக்கு எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு நாவலை அடுத்து இன்னொரு நாவலென்று, அதுவும் ஊர் மாறிக்கொண்டே, நாடகமாக்கியவர்களின் உழைப்பை அன்றுதான் உணர்ந்தேன்.

அவர்களுடைய தேர்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு மனப்போக்கு தெரிகிறது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ ஆங்கில அரசின் தடைக்கு ஆளான நாடகம். அதை 1931-இல் ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி அரங்கேற்றினார்கள். 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்த காலம் அது. ஓர் உத்தரவு வந்தால் அன்றிரவே கொட்டகை இருண்டுவிடும், கம்பெனியின் அடுப்பும் அணைந்துவிடும். அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார்கள். அடுத்து, நிருபமா தேவி என்னும் வங்க எழுத்தாளரின் நாவலைத் தழுவி முத்துசாமி எழுதிய ‘குமாஸ்தாவின் பெண்’. வரதட்சிணை கொடுக்க வழியில்லாத ஏழைக் குமாஸ்தா ஒருவரின் வீட்டில் மகளுக்கு நேரும் கதி அதன் கதை. கல்கத்தாவில் பிறந்த கதை கும்பகோணத்துத் தெருவில் நடப்பதாகவே தோன்றியிருக்கும். ஏனென்றால் அந்தக் குமாஸ்தா நம் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார். நாரண துரைக்கண்ணனின் ‘உயிரோவியம்’, கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’, கல்கியின் ‘கள்வனின் காதலி’, ‘சிவகாமியின் சபதம்’ என்று அந்த வரிசை நீள்கிறது. வசூலுக்குப் பழைய புராணம், பெருமைக்குப் புதிய கதை என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. புதிய கதையையே மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும்படி செய்தார்கள். என் கணிப்பில், சண்முகத்தின் சாதனைகளில் இதுவே தலையாயது. ஔவை வேடம்கூட இதற்கு அடுத்த படிதான்.

இதில் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ‘மேனகா’ 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று, சகோதரர்களே நடித்தார்கள். ‘குமாஸ்தாவின் பெண்’ 1941-இல் திரைக்கு வந்தது. படத்தில் பெயர் வாங்கிய பிறகும் கம்பெனியைக் கலைக்காமல் மறுபடியும் கொட்டகைக்கே திரும்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டுவதில் முன்நின்றதும், பேசும்படம் நாடகத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாடகக்காரர்களை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்ற தவிப்பினால்தான்.

ஆனாலும் காலத்தை வெல்ல முடியவில்லை. 1950-ஐ ஒட்டி அந்த நிலையான கம்பெனி கலைக்கப்பட்டது. கால் நூற்றாண்டாக ஒரே உலையில் சமைத்து உண்டவர்கள் பிரிந்து போனார்கள். அதன்பின் சென்னையை இருப்பிடமாகக் கொண்டு, தேவைப்படும்போது நடிகர்களைச் சேர்த்து நாடகம் போடும் முறைக்கு மாறினார்கள். அந்த இரண்டாவது பருவத்தில்தான், 1955-இல், அரு. ராமநாதன் எழுதிய ‘ராஜராஜ சோழன்’ வந்தது. பகவதி ராஜராஜனாக நின்றார். அவர்களிடம் வளர்ந்த சகஸ்ரநாமம் தனியே ‘சேவா ஸ்டேஜ்’ அமைத்து, பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடைக்குக் கொண்டுவந்தார், பி. எஸ். ராமையாவையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுத வைத்தார். எழுத்தாளரைத் தேடிப் போய் மேடைக்கு அழைத்து வரும் அந்தப் பழக்கத்தை அவர் பழைய கம்பெனி வீட்டில்தான் கற்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சண்முகம் தம் அனுபவங்களை ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலாக எழுதி வைத்தார். இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதை நடிகரின் சுயசரிதையாக மட்டும் படிக்காதீர்கள். எந்த ஊரில் எந்த நாடகத்துக்குக் கூட்டம் வந்தது, எங்கே முகாம் தோற்றது, தோற்ற ஊரிலிருந்து எப்படிக் கிளம்பினார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டே படியுங்கள். தமிழ் நாவலின் வரலாறு எழுதுகிறவர்கள் பதிப்பகங்களையும் பத்திரிகைகளையும் கணக்கெடுக்கிறார்கள், கொட்டகைகளை எடுப்பதில்லை. என் பாட்டியைப் போன்ற வாசகர்கள் இருந்த இடம் அந்தக் கொட்டகைத் தரை.

சண்முகம் 1973 பிப்ரவரி 15 அன்று மறைந்தார். அடுத்த மாதக் கடைசியில் ‘ராஜராஜ சோழன்’ படம் வெளியாயிற்று. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. கதை, அவருடைய சபா நடத்திய அதே அரு. ராமநாதனின் நாடகம், இயக்கியவர், அவருடைய கம்பெனி வீட்டில் சிறுவனாக வளர்ந்த ஏ. பி. நாகராஜன்.